கொழுந்தியாவின் டிசைன்

"மீனுக்கு எதுக்கு புள்ள கல்யாண வீட்டு லைட்டு?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே முதல் ஆளாகச் சிரித்தான் ஜோபி.

சோனா ஸ்டூல் மேல் நின்று உத்திரத்தில் கொக்கி முறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன் பேச்சுக்குப் பதில் சொல்வதை அவள் நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. ரேடியோ பேசினால் யாராவது திருப்பிப் பேசுகிறார்களா?

உடும்பஞ்சோலையில் ஜோபிக்கு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் என்று பெயர். ஜீப்பின் முன்கண்ணாடியில் அவன் பெயர் சிவப்பு எழுத்தில், அதற்கு மேலே ஒரு மின்னல் படம். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும், ஏதோ வீரதீரத்துக்குக் கொடுத்த மெடல் மாதிரி. அது கடைசியாக எந்தப் பிளக்கின் ஓட்டைக்குள் போனது என்பது மாதாவுக்கே வெளிச்சம். ஒயர் இழுப்பது, சுவர் வெட்டுவது, போர்டு மாட்டுவது எல்லாம் வங்காளத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜோபி போன் பேசுவான். அதுதான் அவன் தொழில்.

"ஒன்னு கேட்டா வாயத் தொறக்குறாளா பாருங்க அத்தை" என்று அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அடுப்படியிலிருந்து செபமாலையம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, மருமகன் கரண்டு வேல பாக்குறவக. அவுகட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"கேட்டா சொல்லுவாகம்மா. அதான் கேக்கல" என்றாள் சோனா.

அம்மாவுக்கு அது புரியவில்லை. ஜோபிக்கும் புரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, தொட்டியை ஒருமுறை விரலால் தட்டி மீன்களைப் பயமுறுத்திவிட்டு அவன் போனான்.

அந்தத் தொட்டி ஒன்றும் கடையில் வாங்கியதல்ல. ஜங்ஷனில் ஒரு பேக்கரியை மூடியபோது கேக் வைக்கிற அலமாரியின் கண்ணாடிகள் சும்மா கிடந்தன. சோனா அவற்றை நெடுங்கண்டத்துக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினாள். நீளம் அதிகம், அகலம் குறைவு. எந்தக் கம்பெனி விளக்கும் அதன் மேல் உட்காராது. உட்கார்ந்தாலும் அவளுக்கு வேண்டாம். தண்ணீருக்கு வெளியே இலை நீட்டி வளர்கிற செடிகளை அவள் வைத்திருந்தாள். மூடி போட்டால் அவற்றுக்குத் தலை இடிக்கும். விளக்கு மேலேயிருந்து தொங்கினால்தான் சரி.

முதல் விளக்கு கேவலமாகத் தோற்றது. ஒரு பலகையில் எல்.இ.டி. பட்டையை ஒட்டித் தொங்கவிட்டாள். மரம் சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டது. பட்டை பசை விட்டுத் தொங்கி, பாதி பல்பு கறுத்துச் செத்தது. இரண்டாவதை மிகவும் தாழ்த்திக் கட்டினாள். வெளிச்சம் தாங்காமல் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி பிடித்து, மீன்கள் கீரைக் குழம்புக்குள் நீந்துவதுபோல் ஆனது. மூன்றாவதுதான் இது. ஜன்னல் சட்டம் செய்கிற அலுமினியச் சேனல். சூடு அதில் பரவி ஆறிவிடும். அதன் வயிற்றில் தண்ணீர் படாத பட்டைகள். தொங்கவிட பைக் பிரேக் கேபிள். நுனியில் திருகுள்ள கிளிப் வைத்ததால் விளக்கை வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். கரண்டை மாற்றிக் கொடுக்கிற அடாப்டரைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் தூரத்தில் சுவர்ப்பலகையில் வைத்தாள். அதற்குப் போகிற ஒயரை ஒரு இடத்தில் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலேற்றினாள். ஒயரில் தண்ணீர் வழிந்தால் அந்த வளைவோடு சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

நெடுங்கண்டத்தில் கூட்டுறவு வங்கியில் அவள் கிளார்க். நாள் முழுவதும் அடுத்தவர் நகையை எடைபோட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இந்தத் தொட்டி முன்னால் உட்காருவாள். வெளியே மூடுபனி முற்றத்தை விழுங்கியிருக்கும். உள்ளே ஒரு துண்டுக் காடு பச்சையாக எரியும். குளிர் தாங்குகிற வரிமீன்கள் அந்த வெளிச்சத்துக்குள் போய்ப் போய் வரும். அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு யார் மேலும் இளக்காரம் வராது.

அக்டோபரில் செபமாலை மாதா திருவிழா வந்தது. தேர் முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்களில் மத்தியாஸ் மாமா ஒருவர். பூப்பாறைப் பக்கம் புதிதாகத் திறந்த ரிசார்ட்டுக்கு வருகிறவர்களை மலை சுற்றிக் காட்டுகிற ஜீப் டிரைவர். ஹாலுக்குள் நுழைந்தவர் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடிபொளி! யாரு செஞ்சது இந்த லைட்டு?"

சோனா அடுப்படியில் வெந்த கப்பைக் கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வருவதற்குள் ஹாலில் பதில் வந்துவிட்டது.

"நம்ம பண்ணதுதான் மாமா" என்றான் ஜோபி.

தமிழில் 'நம்ம' என்றால் இருக்கிற எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. ஜோபியின் தமிழில் அந்தச் சொல்லுக்குள் ஜோபி ஒருத்தன்தான் குடியிருந்தான்.

"வெயிட்டு கணக்குப் பாத்து, ஹைட்டு கணக்குப் பாத்து, பக்கத்துல நின்னு பண்ண வேல. சும்மா கட்டித் தொங்கவிட்டா ஆகுமா? டெக்னிக் இருக்குல்ல" என்று அவன் விளக்கைத் தொட்டு லேசாக ஆட்டிக் காட்டினான். கேபிள் அதிர்ந்தது. மீன்கள் சிதறி ஓடின.

சோனா அம்மாவைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் நின்றது யார், விரலில் ரத்தம் வந்தது யாருக்கு, அதற்கு மஞ்சள் வைத்தது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். செபமாலையம்மாள் குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "மருமகனுக்கு நல்ல கைராசி" என்றாள். சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பாமல் கரண்டியைத் தேடினாள்.

அக்கா டின்சி பந்தியில் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். புருஷன் பேசும்போதெல்லாம் "ம்" கொட்டுவதை அவள் கல்யாணத்தன்று தொடங்கினாள், இன்னும் முடிக்கவில்லை. இப்போதும் "ம்" என்றாள்.

சோனா நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சேற்றில் கல்லெறிந்தால் நம் சேலையில்தான் தெறிக்கும் என்று கப்பைக்குத் திரும்பினாள். இப்படி ஒருத்தனிடம் போய், இது என்னுடையது என்று நிரூபிக்க வேண்டுமா? அந்த நினைப்பே அவளுக்குக் கேவலமாக இருந்தது. மத்தியாஸ் மாமா போனில் படம் எடுத்துக்கொண்டார். ஜோபி விளக்குக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று அந்தப் படத்துக்குள்ளும் போய்விட்டான்.

படம் ரிசார்ட் மேனேஜர் சிவப்பிரகாஷிடம் போனது. அவர்கள் வரவேற்பு ஹாலில் ஒரு பெரிய தொட்டி வாங்கி வைத்திருந்தார்கள், மேலே இதே மாதிரி விளக்கு வேண்டும் என்றார்கள். ஒரு சாயங்காலம் ஜோபி நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தான். அவன் எதையாவது வாங்கிக்கொண்டு வந்தால் எதையோ கொண்டுபோக வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"ஒரு சின்ன டவுட்டு புள்ள" என்றான். உடனே திருத்திக்கொண்டான். "டவுட்டுன்னா டவுட்டு இல்ல. நீ என்ன நெனச்சு இப்படிப் பண்ணேன்னு சும்மா பாக்கலாம்னு."

"எதுல தொங்கவிடப் போறீங்க?"

"எதுலன்னா? சீலிங்லதான்."

வங்கியில் ஒருவருடைய பிரிவு விருந்துக்கு சோனா அந்த ரிசார்ட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த ஹால் அவளுக்கு நினைவிருந்தது. "அது ஃபால்ஸ் சீலிங் அத்தான். வெறும் ஜிப்சம் போர்டு. மாவுப் பலகை மாதிரி. அதுக்கு மேல கூரையத் தாங்குற இரும்புச் சட்டம் இருக்கு. போர்டுல ஓட்ட மட்டும் போட்டு, கேபிள மேல விட்டு, சட்டத்துலதான் கட்டணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"அடாப்டர தொட்டிக்கு மேல வைக்காதீங்க."

"அது தெரியாதா?"

"இரும்புல பண்ணாதீங்க. கனம் ஜாஸ்தியாவும், துருவும் புடிக்கும்."

ஜோபி சிரித்தான். "புள்ள, இந்த மலையில நான் எத்தன பில்டிங் பாத்துருக்கேன் தெரியுமா?"

"பாத்துருக்கீங்க" என்றாள் சோனா.

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கேபிளின் கிளிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். பழம்பொரியில் எண்ணெய் சொட்டியது. அவள் அதைத் தொடவில்லை.

இருந்தாலும் மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மனசு கேட்கவில்லை. வாட்ஸப்பில் அவனுக்குப் பேசி அனுப்பினாள்: "அத்தான், போர்டுல மாட்டாதீங்க. கீழ ஆளுங்க நடமாடுற எடம்." பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்குமேல் என்ன செய்ய என்று போனைப் பைக்குள் போட்டாள். ஊருக்கு நல்லது சொல்கிறவளுக்கு ஒரு கட்டைவிரல். போகட்டும்.

விளக்கு மாட்டிய படத்தை ஜோபி ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சோனா பார்த்தாள். இரும்புச் சதுரக் குழாய், அதன் மேல் தேக்கு மாதிரி ஒட்டிய தாள், நான்கு மூலையிலும் தங்கக் கலர் சங்கிலி. கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரத்துக்கு வைத்ததைத் தெரியாமல் ஒரு குளத்துக்கு மேல் கட்டிவிட்டதுபோல் இருந்தது. சங்கிலியின் மேல்முனை நேராகப் போர்டில் முடிந்தது. அடாப்டர் விளக்கின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றில் ஒன்றையாவது அவன் கேட்டிருந்தால் அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம், நான் சிவப்பிரகாஷ், ரிசார்ட் மேனேஜர். காலையில டேங்க் லைட்டு ஒரு பக்கம் போர்டப் பிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. பிரேக்கர் விழுந்து கரண்டு கட்டாயிருச்சு, கடவுள் புண்ணியம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஒரு கெஸ்டோட கொழந்த கண்ணாடியில மூக்க வச்சு மீன் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "டிசைன் உங்களோடதுன்னு ஜோபி சார் சொல்றாரு. நீங்க சொன்னபடிதான் மாட்டினேங்கறாரு. கொஞ்சம் வர முடியுமா?"

சோனா நடுமுற்றத்தில் நின்றாள். முக்காடு இன்னும் தலையில் இருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருவிழாவன்று விளக்கு ஜோபியுடையது. தண்ணீருக்குள் விழுந்ததும் அது கொழுந்தியாவுடையது. ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாக, ஒரு இடத்தில்கூட வெட்கம் ஒட்டாமல் இருக்க முடியுமா?

பிறகு அந்தக் குழந்தையின் மூக்கு நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது. அன்றைக்குக் கப்பை உரித்துக்கொண்டே சும்மா இருந்தாளே, அதைப் பெருந்தன்மை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது சோம்பேறித்தனம். ஒருத்தனை மட்டமாக நினைத்துவிட்டால் அவனை எதிர்க்கிற சிரமம் மிச்சம். அந்தச் சௌகரியத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாள், அவனோ அதன் மேலேயே ஏணி போட்டு ஏறிப்போயிருக்கிறான்.

கிளம்புவதற்குள் டின்சி ஓடிவந்தாள். மூச்சிரைத்தது. கண் சிவந்திருந்தது.

"சோனா, அங்க போயி ஒன்னும் மறுத்துப் பேசிராத. ஆமான்னு சொல்லிரு."

"எதுக்கு ஆமான்னு சொல்லணும்?"

"டிசைன் ஒன்னோடதுன்னு. அவுக தொழில் போயிரும்டி. கான்ட்ராக்டரே கட்டுனது விழுந்துச்சுன்னா நாளைக்கு யாரு கூப்பிடுவா? ஒனக்கென்ன, நீ பேங்க்ல இருக்க. ஒனக்கு இதுல என்ன கெட்டுப்போகும்?"

சோனா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரே மெழுகுவர்த்தியை இருவரும் பிடித்துக்கொண்டு நின்ற முகம்தான். அதற்குள் இருந்தவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

"அந்த லைட்ட யாரு செஞ்சான்னு ஒனக்குத் தெரியும்லக்கா?"

டின்சி தரையைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா போதும். வா, நீயும் வா."

ரிசார்ட் ஹாலில் ஈரக்கம்பளம் நாறியது. போர்டில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தங்கச் சங்கிலி அதிலிருந்து தனியாகத் தொங்கியது. பாதி வடிந்த தொட்டிக்குள் விளக்கு குப்புறக் கிடந்தது, தேக்குத் தாள் ஊறி உரிந்து மிதந்தது. தங்கமீன்களை ஒரு நீல டிரம்முக்கு மாற்றியிருந்தார்கள். வேலைக்காரர்கள் நாலைந்து பேர், ரிசப்ஷன் பெண், மேனேஜர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நடுவில் ஜோபி. துக்க வீட்டில் தூரத்துச் சொந்தக்காரன் நிற்கிற மாதிரி, வருத்தமாகவும் சம்பந்தமில்லாமலும் நின்றான்.

சோனாவைப் பார்த்ததும் முந்திக்கொண்டான். "இவதான் சார். நம்ம கொழுந்தியா. ஐடியா, டிசைன் எல்லாம் இவளோடதுதான். பொம்பளப் புள்ள ஆசையாச் சொல்லுதேன்னு நான் அப்படியே மாட்டிக் குடுத்தேன். நம்ம தப்பு அதுதான்."

சிவப்பிரகாஷ் தேனிக்காரர், மரியாதைக்காரர். சங்கடமாக அவளைப் பார்த்தார். "அப்படியா மேடம்?"

போனில் அவள் குரலும் அவன் கட்டைவிரலும் அப்படியே இருந்தன. எடுத்துப் போட்டுக் காட்டினால் முடிந்தது. டின்சி தூணோரம் நின்று சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். சோனா ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே இருட்டில் இரும்புச் சட்டம் குறுக்கே ஓடுவது தெரிந்தது. ஒரு கை எட்டினால் தொடலாம். இந்த மனுஷனுக்கு அந்த ஒரு கை எட்டவில்லை.

"ஆமா சார். டிசைன் என்னோடதுதான்" என்றாள்.

ஜோபி விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"அது எங்கேன்னுதான் தேடுறேன். இங்க காணோம்."

"புரியல மேடம்."

"என் டிசைன்ல கேபிள் அந்த இரும்புச் சட்டத்துல கட்டியிருக்கும். இதுல போர்டுல இருக்கு. என்னோடது அலுமினியம், இது இரும்பு. என்னோடதுல அடாப்டர் சுவத்துல இருக்கும், இதுல அந்தா தண்ணிக்குள்ள கெடக்கு. என் டிசைன இங்க இன்னும் யாருமே மாட்டல சார். இனிமேதான் மாட்டணும்."

ஹாலில் யாரோ இருமினார்கள். ரிசப்ஷன் பெண் குனிந்து எதையோ தேடினாள். அவள் தோள் குலுங்கியது.

"அது வந்து, அதுல என்னன்னா..." என்று ஜோபி தொடங்கினான்.

"அத்தான், டிசைன் யாரோடது?"

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"இப்பத்தான சொன்னீங்க, இத்தன பேருக்கு முன்னாடி. என்னோடதுதான?"

ஜோபி வாயைத் திறந்தான், மூடினான். தொட்டியிலிருந்து டிரம்முக்குப் போன மீனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. "ஒன்னோடதுதான்" என்றான்.

"அப்ப நான் சொல்றபடி அத்தான் மாட்டிக் குடுப்பாரு சார்" என்றாள் சோனா மேனேஜரிடம். "இதுக்கு வாங்க வேண்டிய சாமான நான் எழுதித் தர மாட்டேன், நானே கூட வந்து எடுக்கேன். வேல நடக்கும்போது நான் இருப்பேன். சம்மதமா?"

சிவப்பிரகாஷ் ஜோபியைப் பார்த்தார். ஜோபி வெளியே நின்ற தன் ஜீப்பைப் பார்த்தான். அது உதவிக்கு வரவில்லை.

வங்கி விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை வேலை நடந்தது. அலுமினியச் சேனலை சோனாவே அளந்து அறுத்து, பட்டைகளை ஒட்டி, தரையில் போட்டு எரியவிட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள், கை தாங்குகிற சூடுதான். சீலிங்குக்கு மேலே ஆள் ஏற வேண்டிய நேரம் வந்தபோது ஜோபி தன் கூலிக்காரர்களைக் கைகாட்டினான்.

"அவுக வேணாம்" என்றாள் சோனா. "கான்ட்ராக்டர் நீங்கதான?"

வங்காளத்துக்காரர்கள் இருவருக்கும் தமிழ் அரைகுறைதான். ஆனால் இதை முழுதாகப் புரிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு, சோபாவில் உட்காரப் பயந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

ஜோபி ஏணியில் ஏறி, அறுத்துப் பெரிதாக்கிய ஓட்டைக்குள் போனான். முதலில் தலை மறைந்தது, பிறகு இடுப்பு. உள்ளேயிருந்து தும்மல் வந்தது. எலிப்புழுக்கை உதிர்ந்தது. "ஏ மாதாவே" என்று ஒரு சத்தம். டின்சி பதறி எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

"கொக்கி போட்டாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முறுக்குனீங்களா?"

"முறுக்கிட்டேன்."

"புடிச்சுத் தொங்குங்க."

"என்னது?"

"கொக்கியப் புடிச்சுத் தொங்குங்க அத்தான். ஒங்களத் தாங்குனா லைட்டத் தாங்கும்."

பிறகு ஏணியிலிருந்து அவன் கால்கள் மெல்ல மேலெழுந்தன. மழைநாளில் கொடியில் போட்ட ரெயின்கோட்டு மாதிரி ஜோபி தொங்கினான். கொக்கி அசையவில்லை. "சரி, அடுத்தது" என்றாள் சோனா. நான்கு கொக்கியிலும் தொங்கவைத்தாள். அவன் இறங்கி வந்தபோது மீசை, புருவம், காது எல்லாம் ஜிப்சம் மாவு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தைப் பாதியில் கலைத்தவன் போல நின்றான். ரிசப்ஷன் பெண் இந்தத் தடவை குனியக்கூட இல்லை, நேராகவே சிரித்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு விளக்கு ஏறியது. சோனா கிளிப்புகளைத் திருகித் திருகி உயரம் பார்த்தாள். கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம், ஒரு பக்கம் தாழ்கிறது, சரி. சுவரில் பிளக்கைப் போட்டாள். தண்ணீர் ஒரு முறை நடுங்கிவிட்டு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தங்கமீன் ஒன்று கீழேயிருந்து எழுந்து வந்து, அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நின்று, நுழையலாமா என்று யோசித்து நுழைந்தது. எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"இன்னொரு பில்டிங்லயும் ஒரு டேங்க் வைக்கிறோம் மேடம்" என்றார் சிவப்பிரகாஷ். "உங்க நம்பர் இருக்கு, நேரா உங்களையே கூப்பிடறேன்."

திரும்பும்போது ஜீப்பில் ஜோபி ஓட்ட, டின்சி பக்கத்தில், சோனா பின்னால். சாமான் பை காலடியில். பூப்பாறைக் கடைவீதி தாண்டி முதல் வளைவில் அவன் தொண்டையைச் செருமினான். இரண்டாவது வளைவில் ஆரம்பித்தான்.

"சட்டத்துல மாட்டணும்னு எனக்கு மொதல்லயே மனசுல ஒரு இது இருந்துச்சு டின்சி."

"ம்" என்றாள் டின்சி.

"அந்த மேனேஜர்தான் அவசரப்படுத்திட்டான். இன்னைக்குப் பாத்தேல்ல, நாலு கொக்கியும் நானே உள்ள போயி முறுக்குனேன். வேற எவன் போவான்? இவ கீழ நின்னா, அவ்வளவுதான். மேல போனவனுக்குத்தான் தெரியும்."

சோனாவுக்குக் கோபம் வரவில்லை. இவன் ஒரு ஊறிய மாவுப் பலகை, எதைக் கொண்டுபோய் மாட்டினாலும் நிற்காது என்று தோன்றியது. நாளைக் காலைக்குள் அவன் கதையில் அவள் ஏணியைப் பிடித்தவளாக இருப்பாள். அடுத்த வாரம் அதுவாகவும் இருக்க மாட்டாள்.

"ஜீப்ப நிறுத்துங்க அத்தான். நான் பஸ்ல வர்றேன்."

"இங்கயா? பனி எறங்குது புள்ள."

"நிறுத்துங்க."

ஏலத்தோட்டத்து வேலியோரம் அவன் நிறுத்தினான். சோனா பையோடு இறங்கினாள். அவள் நடக்கத் தொடங்கியபோது ஜீப்பின் இன்னொரு கதவும் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். டின்சி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி நின்றாள்.

"நீ எங்கடி போற?" என்றான் ஜோபி.

"எனக்கும் கொஞ்சம் நடக்கணும்" என்றாள் டின்சி. குரலில் ஒன்றுமில்லை, கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னாள்.

ஜீப் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுப் போனது. அக்காவும் தங்கையும் ரோட்டோரமாக நடந்தார்கள். தோட்டத்துக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பனி வந்து முன்னால் இருந்த வளைவை மூடியது. டின்சி பையின் ஒரு காதை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெகுதூரம் அப்படியே நடந்தார்கள்.

"எங்க வீட்டு ஹால்லயும் ஒரு தொட்டி வைக்கலாம்னு பாக்கேன்" என்றாள் கடைசியில். "சின்னது போதும். மேல ஒரு லைட்டு."

"ஒன் புருஷன்ட்ட சொல்லேன். கான்ட்ராக்டருல்ல."

டின்சி நின்றாள். ஜீப் போன திசையைப் பார்த்தாள். அங்கே பனி தவிர வேறொன்றும் இல்லை.

"அவுகளுக்கு என்னடி தெரியும்?" என்றாள்.

அதைச் சொன்ன குரலை சோனா அதுவரை கேட்டதில்லை. அக்காவை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஒங்க வீட்டு ஹால்ல கூரை என்ன கூரை, மரமா கான்கிரீட்டா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.